அத்தை மேஜைக்கு முட்டுக் கொடுத்த இரும்பு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் முழங்காலிலோ சர்க்கரையிலோ காதிலோதான் போய் முடிகிறது. காது விஷயத்தில் நான் உங்களுக்கெல்லாம் மூத்தவள். உங்களுக்கு அறுபதுக்கு மேல் வந்த மந்தம் எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. இடது காதில் எப்போதும் சீழ். அம்மா பஞ்சை அடைத்தே வைத்திருப்பாள். மழைக்காலம் வந்தால் வலது காதும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அதனால் அந்தக் காலத்துச் சத்தங்களில் பாதியை நான் பல்லாலும் இடுப்பாலும்தான் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டு பிக்கப் ஒரு மழைக்காலம் முழுக்க ஆடியதையும் அப்படித்தான் கேட்டேன். அந்த ஆட்டத்தைப் பற்றி ஊர் ஒரு கதை சொன்னது. அந்தக் கதைதான் இன்றைக்கும் நிற்கிறது. இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அப்பா யுத்தத்தில் மிலிட்டரி லாரி ஓட்டியவர். யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துப் போட்ட வண்டிகளை ஏலம் விட்டபோது ஒரு பிக்கப்பை எடுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். பின்னால் திறந்த தொட்டி. மேலே நீலப் பெயிண்ட் அடித்திருந்தாலும் கதவிடுக்கில் பழைய பச்சை எட்டிப் பார்க்கும். சீட்டில் தேங்காய் நார் பிதுங்கித் தொடையைக் குத்தும். உள்ளே ஏறினால் பெட்ரோல் நெடியும் கடலைத் தூசியும் சேர்ந்து அடிக்கும். இன்றைக்கும் வறுக்காத நிலக்கடலையை முகர்ந்தால் எனக்கு அந்தச் சீட்டுதான் ஞாபகம் வருகிறது.

எங்கள் ஊர் அரிமளத்துக்கும் திருமயத்துக்கும் நடுவில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே. சுற்றுப்பட்டில் வாடகைக்கு வேறு மோட்டார் வண்டி கிடையாது. கடலை மூட்டை, விறகு எல்லாம் ஏற்றுவார் என்றாலும் அப்பாவின் பிழைப்பும் பெருமையும் கல்யாண வாடகையில்தான். வியாபாரக் குடும்பங்களின் பெரிய வீடுகளில் கல்யாணம் என்றால் சமையல் அண்டாவிலிருந்து சீர்ப் பாத்திரம் வரை எங்கள் பிக்கப்பில்தான் ஏறும். கடைசியில் பெண்ணும் மாப்பிள்ளையும் முன் சீட்டில் உட்கார்ந்து போவார்கள். ராசியான வண்டி என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரை அப்பா கண்ணும் கருத்துமாகக் காத்து வந்தார்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமான மறுவருஷமே புருஷனை அம்மை நோய்க்குப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. கல்யாணத்துக்கு முன்பே டிரெயினிங் முடித்திருந்ததால், ரோட்டோரத்தில் இருந்த இன்னொரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. பஸ் கிடையாது. காலையில் அப்பா லோடு ஏற்றப் போகும்போது எங்கள் இரண்டு பேரையும் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவார். ஜன்னலோரம் அத்தை, நடுவில் நான்.

விசேஷ வீட்டுக்கு அவள் போக முடியாது. தெருவில் யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்க வேண்டும். அந்த முன் சீட்டில் உட்கார்ந்தால் மட்டும் ஒதுங்க வேண்டியதில்லை. காற்றில் முந்தானை படபடக்க, கண்மாயையும் கருவேல மரங்களையும் பார்த்துக்கொண்டு வருவாள். சில நாள் எனக்கு வாய்ப்பாடு கேட்பாள். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் "டீச்சர் வந்தாச்சு" என்று கத்திக்கொண்டு ஓடி வருவார்கள். அந்தக் கத்தல் எனக்கே கேட்கும். அவளுடைய நாளில் அதைவிட நல்ல நேரம் வேறு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அப்பா பிக்கப்பைத் தலைகீழாகக் கவிழ்க்காததுதான் பாக்கி. அடியில் படுத்துச் சேற்றைச் சுரண்டினார். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார். கறுப்புப் பெயிண்ட் டப்பாவைத் திறந்து வைத்தார். எங்கள் பக்கத்தில் பின்னமான சாமானைப் பூஜையில் வைக்க மாட்டார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். கைப்பிடி உடைந்த அரிவாள், ஈயப்பற்று வைத்த குடம் எல்லாம் அன்றைக்குக் கொல்லைப்புறத்துக்குப் போய்விடும். அப்பாவுக்கு அதில் கண்டிப்பு அதிகம்.

வண்டிக்கு அடியில் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் நீளமாக ஓர் இரும்புக் குழாய் போகும். இன்ஜின் சுற்றுகிற சுற்றைப் பின் சக்கரத்துக்குக் கொண்டு சேர்ப்பது அதுதான். ஜாயிண்ட் ராடு என்பார்கள். அதைச் சுரண்டும்போது ஒரு ஓரத்தில் பட்டையான இரும்புத் துண்டு ஒன்று வெல்டிங் வைத்து ஒட்டியிருந்ததை அப்பா பார்த்தார். இரண்டு விரல் அகலம் இருக்கும். நான் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்தா பாரு பாப்பா, பட்டாளத்துக்காரன் வேலைய. ஓட்டைய ஒட்டுப் போட்டு மறைச்சு ஏலத்துல தள்ளி விட்டுருக்கான். இத்தன வருசமா பின்னத்துக்கா நான் பொட்டு வச்சேன்?"

உளியையும் சுத்தியலையும் எடுத்துத் தட்டினார். துண்டு பெயர்ந்து விழுந்தது. அடியில் ஓட்டை எதுவும் இல்லை, இரண்டு தழும்புதான் இருந்தது. "ஓட்டையே இல்ல! சும்மா ஒட்டி வச்சிருக்கான், கிறுக்குப்பய" என்று சிரித்தார். தழும்பை அரத்தால் ராவி மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார். காய்ந்ததும் ஸ்டீரிங்கிலிருந்து அடியில் இருந்த அந்த ராடு வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அன்றைக்கு அவருக்கு இருந்த மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை.

சாயங்காலம் வாசல் பெருக்கும்போது அந்தத் துண்டு அத்தை கையில் கிடைத்தது. அவளுடைய அறையில் பாடக்குறிப்பு எழுதுகிற மாமரத்து மேஜை ஒன்று உண்டு. அதில் ஒரு கால் குட்டை. அழுத்தி எழுதினால் மேஜை லொடக்கென்று ஆடி மைக்கூடு சிந்தும். இரும்பை அந்தக் காலுக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. மேஜையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிக் காட்டி, "ஆட்டம் நின்னுருச்சு பாத்தியா" என்றாள்.

மறுநாள் விஜயதசமி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்க்கிற நாள். அத்தை அதற்கென்று வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு ஏறினாள். மெதுவாகப் போகும்வரை ஒன்றுமில்லை. நேர் ரோட்டில் ஏறி வேகம் எடுத்ததும் சீட்டு அதிர ஆரம்பித்தது. எனக்குப் பல் கூசியது. அப்பா வேகத்தைக் குறைத்தார், நின்றது. மறுபடி கூட்டினார், மறுபடி அதிர்ந்தது. ரோடு சரியில்லை என்றார். அடுத்த நாளும் ரோடு சரியில்லை. அதற்கடுத்த நாள் அவருக்கே அந்தப் பேச்சு அலுத்துவிட்டது.

ஐப்பசியில் ஒரு கல்யாண வாடகை. பெரிய வீட்டு ஆச்சி, அதாவது அப்பாவுக்கு வருஷா வருஷம் அதிகமாக வேலை கொடுக்கிற வீட்டுக்காரம்மா, முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். வண்டி அதிர்ந்த அதிர்ச்சியில் ஆச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பின்னால் குத்துவிளக்கு ஒன்று சாய்ந்து தண்டு ஒடிந்தது. பாத்திரமெல்லாம் ஒன்றோடொன்று மோதிய சத்தத்தில் மாடுகள் மிரண்டதாகச் சொன்னார்கள். இறங்கும்போது ஆச்சி சீட்டிலிருந்து எதையோ எடுத்தார். அத்தை கரும்பலகையில் எழுதுகிற சாக்பீஸ் துண்டு.

"இது யாருது? யாரு இங்கன உக்காருறது?"

"தங்கச்சிங்க ஆச்சி. பள்ளிக்கூடத்துக்குப் போகும்."

"தெனமுமா?" என்றார் ஆச்சி. "பொண்ணும் மாப்பிள்ளையும் உக்காருற எடத்துலயா? பெறகு ஏன்ப்பா வண்டி ஆடாது?"

இதை அப்பா அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார். அடுத்த அறையில் அத்தை இருக்கிறாள் என்று தெரிந்தே, எனக்கே கேட்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். "கொஞ்ச நாளைக்கு அது வண்டில வர வேணாம். நான் ஒண்ணும் நம்பல. ஆனா சனங்க வாய மூட முடியுமா?" அம்மா ரசத்தை ஊற்றினாள். நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டே செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு அன்றிலிருந்து நம்பிக்கையே வருவதில்லை.

அத்தை நடக்க ஆரம்பித்தாள். ரோடு வழியாகப் போனால் சுற்று, அதனால் கண்மாய்க் கரை வழியாகப் போவாள். மழையில் கரை குழைந்து கிடக்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, விடிந்தும் விடியாமலும் கிளம்பிவிடுவாள். காதில் தண்ணீர் போய்விடும் என்று என்னை அம்மா அவளோடு அனுப்பவில்லை. நான் பிக்கப்பில் போனேன். ஜன்னலோரம் இப்போது எனக்கு. பள்ளிக்கூடத்தில் அத்தை பாவாடை வரைக்கும் நனைந்து நிற்பாள். சேறு படிந்த கொசுவத்தைப் பிழிந்துவிட்டு வருகைப் பதிவு எடுப்பாள். ஒரு நாள்கூட நான் ஏன் வண்டியில் வந்தேன் என்று முகத்தைச் சுளித்ததில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அத்தை இறங்கிய பிறகும் பிக்கப் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஊர் அதைப் பேசவில்லை. ஏறியிருந்த தோஷம் உடனே இறங்குமா என்றார்கள். அப்பாவுக்கு மட்டும் உள்ளுக்குள் அரித்தது. என்ன இருந்தாலும் வண்டிக்காரர் இல்லையா?

புதுக்கோட்டையில் ஒரு பட்டறைக்காரர் இருந்தார். வாய் ஓயாத மனிதர். எந்த வண்டி வந்தாலும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்பார். "இன்ஜின் உக்காந்திருக்குற ரப்பர் போயிருச்சுண்ணே" என்று மாற்றினார். ஆடியது. டயரை முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டார். ஆடியது. அதோடு வண்டியைக் கிளப்பும்போது அடியில் 'டொக்' என்று ஒரு புதுச் சத்தமும் சேர்ந்துகொண்டது. அப்பா அவரை விட்டுவிட்டுத் தானே தேட ஆரம்பித்தார்.

அந்தத் தேடலில் நான்தான் அவருக்கு அளவுகோல். நேர் ரோட்டில் ஓட்டிக்கொண்டே கேட்பார், "பாப்பா, எங்க ஆடுது? காலடியிலயா, இடுப்புலயா?"

"இடுப்புலப்பா."

"ஸ்டீரிங் ஆடல. அப்ப முன் சக்கரம் இல்ல." வேகமாகப் போகும்போதே கியரை நியூட்ரலுக்குத் தள்ளி இன்ஜினை அணைத்துவிடுவார். காற்றுச் சத்தம் மட்டும் இருக்கும். "இப்ப?" இப்போதும் இடுப்பு அதிர்ந்தது. "அப்ப இன்ஜினும் இல்ல" என்பார். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். ராடின் முனையில், அதை அடுத்த பாகத்தோடு சேர்க்கிற இடத்தில், சிவப்பாகத் தூள் ஒட்டியிருந்தது. ஆயுத பூஜைக் குங்குமம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று துணியால் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுநாளும் அங்கே தூள் இருந்தது. மறுநாளும் ஒற்றிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிக் கட்டைகளில் நிறுத்தினார். சக்கரங்கள் அந்தரத்தில் நின்றன. பட்டாளத்தில் யாரோ செய்ததைப் பார்த்திருக்கிறார் போல. "போயி அத்தைக்கிட்ட ஒரு சாக்பீஸ் துண்டு வாங்கிட்டு வா" என்றார். அத்தை, "அண்ணன் கேட்டுச்சா? இந்தா" என்று பெட்டியிலிருந்து முழு சாக்பீஸையே எடுத்துக் கொடுத்தாள். வண்டிக்கு ஏதாவது வழி பிறந்தால் தனக்கும் பிறக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

அப்பா சாக்பீஸை ஒரு குச்சி நுனியில் கட்டினார். இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, ஆக்சிலேட்டரில் செங்கல்லை வைத்தார். பின் சக்கரம் சும்மா சுழன்றது. கொட்டகையே அதிர்ந்தது. தள்ளிப் படுத்துக்கொண்டு, சுழல்கிற ராடுக்குப் பக்கத்தில் சாக்பீஸை மெல்ல மெல்லக் கொண்டுபோனார். உரசியதும் இழுத்துக்கொண்டார். வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் ராடைச் சுற்றி முழுக் கோடு விழவில்லை. ஒரு பக்கம் மட்டும் வெள்ளைத் தீற்றல்.

கனத்த பக்கம் சுழலும்போது வெளியே தள்ளிக்கொண்டு வரும், சாக்பீஸ் அந்தப் பக்கத்தில்தான் படும். அப்படியானால் எதிர்ப்பக்கத்தில் கனம் குறைகிறது. அப்பா ராடைக் கையால் திருப்பி எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். புதுப் பெயிண்ட் உரிந்து இரண்டு தழும்பு தெரிந்தது. இன்றைக்கு எந்த மெக்கானிக் பையனைக் கேட்டாலும் சொல்லிவிடுவான், அப்படிப்பட்ட குழாய் ஒரு பக்கம் கனத்துச் சுற்றினால் ஆடும், அதைச் சமன் செய்யத்தான் செய்கிற இடத்திலேயே ஒரு துண்டை ஒட்டி அனுப்புகிறார்கள் என்று. பட்டாளத்தில் அப்பாவுக்கு ஓட்டத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"நீங்க தட்டி எடுத்தீங்கள்ல, அந்த எடம்தானேப்பா?" என்றேன்.

"வாய மூடு" என்றார்.

பிறகு எழுந்து வந்து அந்தத் துண்டைத் தேடினார். சாமான் பெட்டி, கொட்டகை மூலை, குப்பைமேடு. கடைசியில் என்னைப் பார்த்தார். நான் அத்தையின் அறையைப் பார்த்தேன். அத்தை மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அப்பா குனிந்து, மேஜையை ஒரு கையால் தூக்கி, காலடியிலிருந்த இரும்பை உருவினார். மேஜை லொடக்கென்று இறங்கியது. மைக்கூடு சாய்ந்து எழுதிய தாளில் மை ஓடியது.

"என்னண்ணே அது?"

அப்பா இரும்பை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அத்தை என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் நான் சொன்னேன். சாக்பீஸ் கோடு, தழும்பு, எதிர்ப்பக்கம் எல்லாம். கேட்டுவிட்டு அவள் சிரித்தாள், நிஜமான சிரிப்பு. "அட, அவ்வளவுதானா!" என்றாள். மையைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கே வெள்ளச் சேலய வெளுக்கப் போடணும், எல்லாம் சேறு" என்றாள். இனி வண்டியில்தான் போகப் போகிறோம் என்ற நிம்மதி அந்த வார்த்தையில் இருந்தது.

மறுநாள் அப்பா என்னையும் புதுக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெரிய ஆஸ்பத்திரியில் என் காதைக் கழுவினார்கள். அங்கிருந்து பட்டறைக்குப் போனோம். கழுவிய காதில் உலகம் இரைந்தது. சுத்தியல் சத்தம் தலைக்குள் இறங்கியது. பட்டறைக்காரர் ராடைக் கழற்றுவதற்கு முன் பொருத்தினபடியே திரும்பப் பொருத்துவதற்குச் சுண்ணாம்பால் அடையாளம் வைத்தார். அப்பா அந்தத் துண்டைக் கொடுத்தார். பழைய தழும்பின் மேலேயே வைத்து வெல்டிங் போட்டார். சிவப்புத் தூளை விரலால் தொட்டுப் பார்த்து, "இது குங்குமம் இல்லண்ணே, துரு. ஆடி ஆடி கிராஸ் உள்ள எண்ணெ வத்தி, ஊசி உருளையெல்லாம் அரைபட்டு வெளிய வருது. விட்டிருந்தா ரோட்டுல ராடு கழண்டு விழுந்திருக்கும்" என்றார். ராடு முனையில் சிலுவை மாதிரி இருக்கும் அந்த கிராஸையும் மாற்றினார். டொக் சத்தம் அதோடு போனது. இந்தத் துண்டை யார் எடுத்தது என்று அவர் கேட்டார். "யாரோ" என்றார் அப்பா.

திரும்பும் வழியில் முப்பது, நாற்பது மைல் வேகத்தில் ஓட்டினார். சீட்டு அதிரவில்லை. பல் கூசவில்லை. நான் சந்தோஷத்தில் சீட்டில் குதித்தேன். அப்பா முகத்தில் சிரிப்பில்லை. காளி கோயிலில் நிறுத்தி ஓர் எலுமிச்சம்பழம் வாங்கினார். கடையில் ஒரு பூசணிக்காய் வாங்கினார். நேரே வீட்டுக்குப் போகாமல் பெரிய வீட்டு வாசலுக்குப் போனார். ஆச்சி பார்க்கப் பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார். ஆச்சியை முன் சீட்டில் உட்காரவைத்து ரோடு வரைக்கும் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். நான் பின் தொட்டியில் நின்றுகொண்டிருந்தேன்.

ஆச்சி இறங்கிச் சொன்னார்: "பாத்தியா? அத எறக்கி விட்டு, கழிப்புக் கழிச்சதும் சரியாப் போச்சுல்ல? நான் சொன்னது பலிச்சுதா இல்லையா?"

"ஆமாங்க ஆச்சி" என்றார் அப்பா.

அன்றைக்கு என் காது நன்றாகக் கேட்டது. கேட்காமலே இருந்திருக்கலாம்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவைக் கேட்டாள், என் முன்னாலேயே கேட்டாள்: "நீங்க தட்டி எடுத்ததுக்கு அந்தப் புள்ள பழி சுமக்கணுமா?"

"நான்தான் தெரியாம தட்டி எடுத்தேன்னு சொன்னா, நாளைக்கு எவன் என்னய நம்பிப் பொண்ணு மாப்பிள்ளைய ஏத்துவான்? தன் வண்டிய தனக்கே தெரியாதவன்னு பேசுவாங்க. இது நாலு நாள்ல மறந்துரும்."

அத்தை ஒரு முறை கேட்டாள். ஒரே ஒரு முறைதான். "அண்ணே, வண்டி சரியாயிருச்சாம்ல. நாளையிலேருந்து நானும் வரவா?" அப்பா டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "கொஞ்ச நாள் போகட்டும் தாயி" என்றார். "சரிண்ணே" என்றாள் அத்தை. உள்ளே போய் மேஜைக் காலுக்கு ஓட்டுச் சில்லு ஒன்றை வைத்துப் பார்த்தாள். அது நசுங்கி உடைந்தது. அதற்குப் பிறகு அவள் எதையும் வைக்கவில்லை. மேஜை ஆட ஆடவே எழுதினாள்.

அப்படியே தை வந்தது. கண்மாய் தளும்பி நின்றது, கரை காய்ந்துவிட்டது. பெரிய வீட்டு ஆச்சியின் பேத்திக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீடு கீரனூர். முதல் நாள் சாயங்காலமே அப்பா பிக்கப்பைக் கழுவி, மாவிலைத் தோரணம் கட்டி, முன்னால் வாழைக் கன்று கட்டி நிறுத்திவிட்டார். அன்று ராத்திரிதான் அத்தைக்கு வயிற்று வலி கண்டது. இரண்டு நாளாகவே லேசாக வலித்திருக்கிறது, சொல்லாமல் நடந்து போய் வந்திருக்கிறாள். ஓம வாட்டர் கொடுத்தார்கள். பெருங்காயத்தைக் கரைத்துத் தொப்புளில் தடவினார்கள். விடியும்போது வலது பக்கத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டிருந்தாள். உடம்பு கொதித்தது.

"ஏங்க, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நீங்க புதுக்கோட்டை வழியாத்தானே போறீங்க?" என்றாள் அம்மா.

"தோரணம் கட்டுன வண்டிடி. பொண்ணு ஏறணும். இதுல எப்படி...? சாமானை எறக்கிட்டு மத்தியானம் வந்து கூட்டிட்டுப் போறேன். சூட்டு வலிதான், படுத்திருக்கட்டும்."

பாயிலிருந்து அத்தை, "அண்ணன் போகட்டும் மதினி. நல்ல காரியத்துக்குப் போற வண்டி" என்றாள்.

பிக்கப் பெரிய வீட்டுக்குப் போனது. அம்மா மத்தியானம் வரைக்கும் காத்திருக்கவில்லை. பக்கத்துத் தெருவில் மாட்டு வண்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து அத்தையைப் படுக்கவைத்தாள். வண்டிக்காரர் முன்னால். அம்மா மடியில் அத்தையின் தலை. கால்மாட்டில் நான். மாட்டு வண்டியின் ஒவ்வொரு தூக்கலுக்கும் அத்தை பல்லைக் கடித்துக்கொண்டாள். ரோட்டில் ஏறினால் சரியாகிவிடும் என்று வண்டிக்காரர் சொல்லிக்கொண்டே வந்தார். ரோட்டில் ஏறியும் சரியாகவில்லை.

வெயில் ஏறிய பிறகு பின்னால் ஹாரன் கேட்டது. நீல வண்டி, வாழைக் கன்று அசைய, மஞ்சள் பூசிய சீர்ப் பாத்திரங்கள் தொட்டியில் மின்ன வந்துகொண்டிருந்தது. முன் சீட்டில் கல்யாணப் பெண்ணும் ஆச்சியும். அம்மா மாட்டு வண்டியில் எழுந்து நின்று கையை ஆட்டினாள். "நிறுத்துங்க! ஏங்க, நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

அப்பா எங்களைப் பார்த்தார். வேகம் குறைந்தது. எங்களுக்குப் பக்கத்தில், எட்டினால் தொடுகிற தூரத்தில், அந்த ஜன்னல் வந்தது. ஆச்சி பெண்ணின் தலையைப் பிடித்து மறுபக்கம் திருப்பினார். அப்பா பார்வையை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டார். பிறகு வேகம் கூடியது. பிக்கப் எங்களைத் தாண்டி நேர் ரோட்டில் போனது. பாத்திரம் ஒன்றுகூடக் கலகலக்கவில்லை.

அத்தை தலையைத் தூக்கிப் பார்த்தாள். என் நல்ல காதுப் பக்கம் பார்த்துத்தான் சொன்னாள், "ஆட்டமே இல்ல, பாத்தியா" என்று.

ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் திரும்பிவிட்டது. குடல்வால் உடைந்து உள்ளே பரவிவிட்டது என்றார்கள். மறுநாள் விடியுமுன் அத்தை இறந்து போனாள். அவளை ஊருக்குக் கொண்டுவந்தது பிக்கப்தான். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, தோரணம் அவிழ்த்தாகிவிட்டது. அப்பா மிக மெதுவாக ஓட்டினார். தொட்டியில் உட்கார்ந்திருந்த எனக்கு அதிர்வே தெரியவில்லை. ஊரில், ராசி இல்லாத பிள்ளை, தன் வினை தன்னோடு போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். இன்றைக்கும் அங்கே போனால், ஏறிய மோட்டாரையே ஆட்டி வைத்த டீச்சர் என்று அவளைப் பற்றிச் சொல்கிற கிழங்கள் ஒன்றிரண்டு மிச்சம் இருக்கிறார்கள்.

அப்பாவை நான் வெறுத்தேனா என்று கேட்டால், வெறுத்தேன். அவர் அழவில்லை என்று இல்லை. கொட்டகையில் தனியாக அழுவார். ஆனால் பெரிய வீட்டு வாசலில் போய் தட்டி எடுத்தது நான்தான் என்ற அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. அப்பா வழக்கம்போல் வண்டிக்கு அடியில் படுத்துச் சுரண்டினார். ராடிலிருந்த அந்தத் துண்டுக்கு வந்ததும் உளியைக் கீழே வைத்துவிட்டார். துணியால் சுற்றிலும் பதமாகத் துடைத்தார். பிறகு சந்தனத்தைக் குழைத்து அதன் நடுவில் வைத்து, அதற்கு மேல் குங்குமம் வைத்தார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் அம்மா வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. வண்டிப் பக்கமே வராதவள், ஈரத் துணியோடு மண்டியிட்டு, அப்பாவைத் தாண்டிக் கையை நீட்டினாள். அந்த இரும்பிலிருந்த பொட்டை அழுத்தித் துடைத்தாள்.

"அவ நெத்தியில இல்லாதது இதுக்கு வேணாம்" என்றாள்.